குயிலி விட்டுவைத்த அட்டை வீடு

அன்று தணிகாசலம் தியானத்துக்கு உட்காரவில்லை. நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, அட்டையைப் பூச்சி தின்னாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

ஏரிக்கரைக் குடிலின் குரு வேதநாயகிக்கு முப்பத்தாறு வயது. சீடர் தணிகாசலம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காலையில் பக்கத்துச் செங்கல் சூளைப் பிள்ளைகள் குடிலுக்கு வருவார்கள். ஊருக்குள் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய காலி அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒட்டி, எதையாவது கட்டி விளையாடுவார்கள். ஆகையால் இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இருக்கும் என்று அவர் நம்பினார்.

"எந்த அட்டை, ஐயா?"

"என் மக கட்டின வீடு."

குரு செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தார். தணிகாசலத்தின் ஒரே மகள் குயிலி, ஏழு வயதில், போன ஐப்பசியில் இறந்துபோனது குருவுக்குத் தெரியும்.

வாஷிங்மெஷின் வந்த பெட்டி அது. தணிகாசலத்தின் வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு வாசல், இரண்டு ஜன்னல். மேலெல்லாம் தடிதடியாகப் பழுப்புத் தாள்.

குரு குனிந்து தட்டிப் பார்த்தார். "இதுல அட்டை எங்கே இருக்கு?"

"உள்ளே இருக்கும்மா. அமாவாசைக்கு அமாவாசை ஒரு தாள் ஒட்டிருவேன். கிழியக் கூடாதில்ல."

"எதால ஒட்டுவீங்க?"

"மைதா காய்ச்சி."

"நல்லா இருக்கு. மாசாமாசம் கரப்பானுக்கு விருந்து வச்சுட்டு, திங்குதேன்னு என்கிட்ட வந்து கேக்கறீங்க."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"முதல்ல இதை வீடாத்தான் கட்டினாளா?"

"இல்லம்மா. முதல்ல பஸ். அது ரெண்டு நாள். அப்புறம் மளிகைக் கடை. வெல்லம் கேட்டா உப்பைக் குடுப்பா, கேட்டா சண்டைக்கு வருவா. அப்புறம் குதிரை லாயம். அப்புறம்தான் வீடு. ஒவ்வொண்ணுக்கும் வெட்டி வெட்டி, கூடமெல்லாம் குப்பை."

"வீட்டுக்கு அப்புறம்?"

தணிகாசலம் சுவரைப் பார்த்தார்.

"கப்பல் பண்ணப்போறேன்னு அட்டையோட ஒரு ஓரத்துல கத்திரியை வச்சா. வேலை விட்டு வந்த அலுப்பு எனக்கு. இதையாவது உருப்படியா விட்டு வையேன்டின்னு கத்திட்டேன். 'சரிப்பா, வெட்டல'ன்னா. மூணாம் நாள் காய்ச்சல்."

தணிகாசலம் பெயர்ந்திருந்த ஒரு தாளின் ஓரத்தை விரலால் அழுத்தினார்.

"சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைம்மா. எனக்காக அவ விட்டுவச்சது. இதை நான் எப்படி விடுவேன்?"

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும்வரை குரு காத்திருந்தார்.

"நாளைக்குச் சூளைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வெட்டிருவாங்களே அம்மா!"

"வெட்டுவாங்க."

"அதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் நான் எதுக்கும்மா இங்கே நிக்கணும்?"

குரு அந்த வீட்டின் முன் தரையில் உட்கார்ந்தார்.

"கப்பலுக்காக அன்னைக்கு அவ கத்திரியை எந்த ஓரத்துல வச்சாள்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியாதே, ஐயா. நீங்கதான் காட்டணும்."