எருமைகள் இறங்காத துறை

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். காதுதான் கொஞ்சம் மந்தம், அதுவும் அடுத்தவர் பேசும்போது மட்டும்.

நாட்டின் குறுக்கே கொடியாறு ஓடியது. வெள்ளக் காலத்தில் அக்கரைக்கு மருத்துவச்சிகூடப் போக முடியாது. அதனால் ராஜா பாலம் கட்டச் சொன்னான், அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்.

தலைமைச் சிற்பி சாத்தனார் கட்டினார். வெள்ளம் வந்தது, பாலம் போனது. இன்னும் கனத்த கல்லால் கட்டினார். வெள்ளம் வந்தது, பாலம் போனது.

"மூன்றாவதும் போனால் உன் தலையும் போகும்" என்றான் ராஜா.

சாத்தனார் கரையில் இடிந்துபோய் உட்கார்ந்தார். அப்போது எருமைகள் பாலம் இடிந்த அதே துறைக்கு வந்தன, நின்றன, திரும்பி மேற்கே நடந்தன. மேய்த்து வந்த பூவாயியிடம் காரணம் கேட்டார்.

"இங்க அடியில புதைமணலுங்கய்யா. அந்த மருதமரத்துக்கு நேராத்தான் பாறை கெடக்கு."

"அடப்பாவமே! முன்பே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தோம். ஒங்க காவக்காரங்க வெரட்டிட்டாங்க."

சாத்தனாருக்கு வெட்கமாகப் போயிற்று. இரு கரை மக்களையும் கூட்டினார். துணி வெளுப்பவர்கள் வெள்ளம் ஏறும் உயரத்தைக் காட்டினார்கள். பரிசல்காரன் கூத்தன் மட்டும் வாயே திறக்கவில்லை.

"பாலம் வந்தா எம் பொழப்பு என்னாகும்?" என்றான் கடைசியில்.

அதை யாருமே யோசித்திருக்கவில்லை! பாலத்துக்குக் காவலன் அவனே என்று சாத்தனார் வாக்குக் கொடுத்தார். பிறகுதான் கூத்தன் சொன்னான்: "வெள்ளத்துல முழு முழு மரமா உருண்டு வரும். தூணுக்குத் தூண் தள்ளி வையிங்க."

சாத்தனார் எல்லாவற்றையும் போய்ச் சொன்னதும் ராஜா முகம் சுளித்தான். "மருதமரத்தடியா? மாடத்திலிருந்து தெரியாதே!"

"தெரியாது அரசே. ஆனால் நிற்கும். கூத்தனுக்குக் கொடுத்த வாக்கும் நிற்க வேண்டும்."

ராஜா மாடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரி, கட்டு" என்றான்.

மருதமரத்துக்கு நேரே பாலம் எழுந்தது. ஐப்பசியில் வெள்ளம் வந்தது. முதல் நாள் பாலம் நின்றது. இரண்டாம் நாள் நின்றது. மூன்றாம் நாள் பெரிய பெரிய மரங்கள் தூண்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயின, பாலம் அசையவில்லை. அன்றுதான் அக்கரையில் பூவாயியின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி பாலத்தில் ஓடினாள். சிறிது நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது.

சாத்தனார் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். ராஜா மாடத்திலிருந்து இறங்கி, நடந்தே வந்து பாலத்தைப் பார்த்தான்.

ஆகவே, அன்பர்களே, ஓர் ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர், அந்த ஊராரை முதலில் கேட்க வேண்டும்.