இறங்காத பல்லக்கு

ஊரார் சண்டையைத் தீர்ப்பது லேசான வேலை என்று நினைத்த பேரரசர் ஒருவர் இருந்தார். ஆற்றுத் தண்ணீருக்காக வடகரைத் தலைவனும் தென்கரைத் தலைவனும் வெட்டிக்கொண்டு சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மலை தாண்டிப் பல்லக்கில் வந்தார். களத்தின் நடுவே பல்லக்கை நிறுத்தச் சொல்லி, திரையை விலக்கி, "இரண்டு பேரும் வாளைக் கீழே போடுங்கள். பிறகு ஒருவனை ஒருவன் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு" என்றார்.

இருவரும் கும்பிட்டார்கள். வாளை மட்டும் விடவில்லை.

பேரரசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்லக்கின் முன்தண்டைத் தோளில் சுமந்து நின்ற வேம்பனிடம் குனிந்து, "வந்ததிலிருந்து அவர்களையே உற்றுப் பார்க்கிறாயே. என் வாக்கை அவர்கள் ஏன் நம்பவில்லை என்று சொல். இல்லாவிட்டால் உன் முதுகுத்தோலை உரித்துவிடுவேன்" என்றார்.

"அவங்க கண்ணு எங்கே போகுதுன்னுதான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன் சாமி. உங்க முகத்துக்கு வரலை, என் தோளுக்குத்தான் வருது. பல்லக்கு தரையில இறங்குமான்னு பார்க்கறாங்க. பொறுப்பேத்துக்கிட்டவர் கிளம்பிப் போயிட்டா, முதல்ல வாளைப் போட்டவன் கதி என்ன? இறக்கிடலாமா சாமி?"

பேரரசர் சாய்கிற வெயிலைப் பார்த்தார். இருட்டுவதற்குள் மலை தாண்ட வேண்டும்.

"சரி, தூக்கு. போகலாம்."

"தூக்க என்ன இருக்கு சாமி," என்றான் வேம்பன். "இறக்கவே இல்லையே."