யாமீனின் பங்கு

முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி, ஆண்டவர் வாக்களித்த நாட்டை நோக்கி இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாளயத்தின் ஓரத்தில் ஒரு கூடாரம். அதில் கெத்சீயாள் என்ற விதவை தன் இரண்டு ஆண்மக்களோடு இருந்தாள். மூத்தவன் ஓகாத்து, சொன்னால் சொன்னபடி நடக்கிறவன். இளையவன் யாமீனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அங்கே சாப்பாடு எப்படியென்றால், விடியற்காலையில் பனி உலர்ந்ததும் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய், ஆண்டவர் தரும் ஆகாரமான மன்னா கிடக்கும். வெயில் ஏறுமுன் குனிந்து பொறுக்கவேண்டும். எவ்வளவு பொறுக்கினாலும் அளந்து பார்த்தால் கூடாரத்தில் தலைக்கு ஒரு ஓமர் அளவுதான் இருக்கும். அதிகம் அள்ளினவனுக்கு மிஞ்சாது, கொஞ்சம் அள்ளினவனுக்குக் குறையாது. மறுநாளைக்கென்று வைத்தால் புழுத்து நாறும். வைக்கவே கூடாது என்பது கட்டளை. ஆறாம் நாள் மட்டும் விலக்கு. அன்றைக்கு இரட்டிப்பாய்க் கிடைக்கும். ஏழாம் நாளாகிய ஓய்வுநாளில் வெளியே ஒரு பொட்டும் கிடக்காது. முந்தின நாள் எடுத்து வைத்ததுதான் ஆகாரம். அது மட்டும் கெடாது.

ஒருநாள் யாமீன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"காலையிலயும் மன்னா, ராத்திரியும் மன்னா! அங்கே மீன் என்ன, வெங்காயம் என்ன, பூண்டு என்ன! நான் எகிப்துக்கே போறேன்."

"போடா. செங்கல் அறுக்க உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க" என்றான் ஓகாத்து.

யாமீன் தோல்துருத்தியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பியேவிட்டான். கெத்சீயாள் பாளயத்து எல்லைவரை பின்னாலேயே ஓடினாள். வளர்ந்த பிள்ளையைப் பிடித்து நிறுத்தப் பலம் ஏது? "எப்ப வந்தாலும் உன் பங்கு உனக்காகக் காத்திருக்கும்டா" என்று மட்டும் கத்திச் சொன்னாள். பெற்ற வயிறு பேசிய பேச்சு. ஒரு ராத்திரி தாங்காத ஆகாரத்தைக் காத்து வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்!

அன்று இரவு அவன் பங்கைப் பானையில் மூடி வைத்தாள். விடிந்து திறந்தால் ஒரே புழு. ஓகாத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தான்.

"அம்மா, கட்டளை கட்டளைதான். இனி பொழுது சாயுறப்ப நானே பானையைக் காலி பண்ணிடுவேன்."

"சரிப்பா, தப்பு என்னுதுதான்" என்றாள்.

ஆனாலும் மறுநாள் காலையிலும் யாமீனுக்கும் சேர்த்தே பொறுக்கினாள். ஓகாத்து அளவுபாத்திரத்தை வாங்கினான். "கூடாரத்துல இருக்கிறது ரெண்டு பேர். ரெண்டு ஓமர்தான் வரும், பாருங்க."

அளந்தான். மூன்று வந்தது. மேலே விரலால் வழித்துவிட்டு மறுபடி அளந்தான். மூன்றேதான்.

கெத்சீயாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அளந்து கொடுக்கிறவர் இன்னும் அவனைத் தள்ளலப்பா."

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தவறவில்லை. காலையில் பொறுக்கி, இடித்து, அடை சுட்டு, பானையில் போட்டு வாசலில் வைப்பாள். ஓகாத்தும் தவறவில்லை. பொழுது சாய்ந்ததும் அதை எடுத்துப் பக்கத்துக் கூடாரத்து மில்காளின் ஆடுகளுக்குப் போட்டுவிடுவான். ஆறாம் நாள் மாலையில் மட்டும், "இன்னைக்கு வைக்கலாம்" என்று பானையைத் தொடமாட்டான்.

"அக்கா, எங்க ஆடெல்லாம் கொழுத்துப்போச்சு. உன் பிள்ளை வராம இருந்தா எனக்கு லாபம்தான்!" என்று மில்காள் சிரிப்பாள். பிறகு குரலைத் தாழ்த்துவாள். "இருக்கானோ இல்லையோ தெரியாதவனுக்காக இப்படி இடுப்பை ஒடிச்சுக்கிறியே."

"நாளைக்கும் குனிவேன், மில்கா."

வழிகாட்டும் மேகம் எழும்பிப் பாளயம் நகர்ந்தபோது கெத்சீயாள் பின்தங்கி நிற்கவில்லை. இரவில் முன்னே நிற்கும் அக்கினித்தூண் எங்கிருந்தாலும் மகன் கண்ணில் படும் என்று, முன்னேதான் நடந்தாள். புது இடத்திலும் அதே அடை, அதே பானை.

ஒரு ஓய்வுநாள் காலை. ஆடுகளைப் பார்க்கப் போன மில்காள் போட்ட சத்தத்தில் பாளயத்து ஓரமே கூடிவிட்டது. ஆட்டுக்கிடைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு யாமீன் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து, எலும்பும் தோலுமாய். அக்கினித்தூணைப் பார்த்தே நடந்து நேற்றுப் பொழுது சாயுமுன் வந்தவன், வெட்கத்தில் கூடாரத்துக்கு வராமல் அங்கேயே ஒதுங்கிவிட்டான்.

"வெளியே ஒண்ணும் கிடக்கலம்மா" என்றான். "உங்க மிச்சத்துல ஒரு வாய் கொடுங்க, போதும்."

ஓகாத்து கூடார வாசலுக்குப் போய்ப் பானையைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தான். புழு இல்லை, நாற்றம் இல்லை. நேற்றுச் சுட்ட அடை தேன் மணக்க இருந்தது.

"மிச்சம் இல்லடா" என்றான் தம்பியைப் பார்த்து. "இது உன் பங்கு."

மில்காள் தம்புரு என்ற கைப்பறையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆண்டவரைப் பாடிய பாட்டுச் சத்தம் பாளயத்தின் மறுகோடிவரை கேட்டது. பாட்டு ஓய்ந்ததும் வழக்குத் தொடங்கியது. "தாய் பொறுக்காவிட்டால் பானையில் ஏது?" என்றனர் சிலர். "ஓகாத்து காலி பண்ணாவிட்டால் கூடாரமே நாறியிருக்கும்" என்றனர் சிலர். வாக்கை விடாத தாய், கட்டளையை விடாத மகன்: இதில் யார் செய்தது சரி? யாமீனின் பங்கைக் காத்தது யார்?

விடை: ஓகாத்து செய்ததும் சரிதான். ஆனால் அவன் காத்தது பானையை. பங்கைக் காத்தவள் தாய். முதல் ராத்திரி அவள் வாக்கை மூடி வைத்துக் காக்கப் பார்த்தாள், அது புழுத்தது. பிறகு காலைதோறும் புதிதாய்ப் பொறுக்கிக் காத்தாள், அது நின்றது. ஒரு வருஷத்துக்கு வேண்டிய தானியத்தை ஆண்டவர் ஒரே நாளில் கொட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், முணுமுணுத்த ஜனத்துக்கும் அளவு குறைக்காமல் விடியல்தோறும் புதிதாய்த் தந்தார். அவருடைய அன்பு அப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளவே அந்த ஜனத்துக்கு அத்தனை வருஷ நடை வேண்டியிருந்தது. கெத்சீயாளோ அதை நடுவழியிலேயே கற்று, பிள்ளையையும் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.