ஆற்றை விரட்டிய கொடியம்மை

முன்னே ஒரு காலத்திலே, கெண்டையாற்றங்கரையில் மருதந்துறை என்று ஒரு சின்ன ஊர். அங்கே பரிசல் ஓட்டுகிறவள் கொடியம்மை. ஒரு ஐப்பசி வெள்ளம் அவள் குடிசையையும் பரிசலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. ஆத்திரத்தில் கரையில் நின்று கத்தினாள்: "போ! எங்கேயாவது தொலைஞ்சு போ!"

ஆறு போய்விட்டது. விடிந்து பார்த்தால் வெறும் மணல்.

கிணறு வற்றியது, வயல் வெடித்தது, மாடு படுத்தது. கோடை வருவதற்குள் பாதி ஊர் வண்டி கட்டியாயிற்று. "யார் செஞ்ச பாவமோ" என்றார்கள். கொடியம்மைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. காய்ந்த ஆற்றுத் தடத்திலேயே நடந்தாள், நடந்தாள், மலை மறிக்கும்வரை நடந்தாள்.

அங்கே ஒரு குகை. வாசலில் ஒரு மந்திரவாதி. அவன் மடியில் ஒரு சொம்பு. சொம்புக்குள் ஆறு சுற்றிச் சுற்றி வந்தது.

"அது எங்க ஆறு. குடுய்யா."

"போன்னு விரட்டினதெல்லாம் எனக்குத்தான் சொந்தம். அதோ அந்தக் கிளி, அந்தக் காளை, மூலையில குந்தியிருக்கானே, பொண்டாட்டி விரட்டின ஆளு. மூணு தடவை கூப்பிட்டுப் பாரு. வரலேன்னா நீயும் இங்கதான்."

"வாடி வெளியே!" என்றாள். சொம்பு அசையவில்லை.

"என் பொண்டாட்டி குரலேதான்!" என்று மூலையிலிருந்தவன் சிரித்தான்.

"ஊரே தவிக்குது, வா ஆத்தா." தண்ணீர் விளிம்புவரை ஏறியது. "விரட்டினது யாரு?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டது.

மந்திரவாதி இன்னொரு சொம்பை எடுத்து, துண்டால் துடைத்து வைத்தான்.

கொடியம்மை சொம்பருகே மண்டியிட்டாள். "நான்தான் விரட்டினேன். ஊர் நடுவுல நின்னும் சொல்றேன். வீட்டுக்கு வா, தாயே."

சொம்பு வெடித்தது. மந்திரவாதி நுரையோடு நுரையாக உருண்டு போனான். கிளி பறந்தது. மூலையிலிருந்தவன் காளையின் வாலைப் பிடித்துக்கொண்டு வீடு பார்த்து ஓடினான்.

போகிற வழியில் ஆறு சொன்னது: "கோடையானா நான் மலைக்குப் போயாகணும், கொடியம்மை. திரும்பி வர்றது நீங்க அனுப்புற விதத்துல இருக்கு."

அவள் சொன்னபடியே ஊர் நடுவில் நின்று சொன்னாள். திட்டினார்கள், திட்டிக்கொண்டே குடம் குடமாக மொண்டார்கள். பிறகு புதுப் பரிசலும் முடைந்து கொடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் தண்ணீர் மெலிந்தபோது ஊரே பூவும் கட்டுச்சோறுமாக மணலில் இறங்கி, ஒரே குரலில், "போயிட்டு வா தாயே! போயிட்டு வா!" என்றது. மருதந்துறையின் ஆற்றுத் திருவிழா அப்படித்தான் பிறந்தது.

அனுப்பிய பிறகும் கொடியம்மைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் மணலில் காதை வைத்துப் படுத்தாள். ஆடி பிறந்த அன்று நுரை வந்து அவள் கன்னத்தை நனைத்தது.

"ஏன்டி இவ்வளவு நாளு..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது.