உச்சிமாகாளி கிட்டார் வளர்த்த கதை

புளியடிக்குளத்துக்காரர்களை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்களுக்கு மூளை இல்லை என்பார்கள். இருக்கிறது ஐயா, நிறையவே இருக்கிறது. செலவழிக்காமல் புதுசாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் உச்சிமாகாளி என்று ஒரு வாலிபன். சண்முகவடிவின் மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்கும் அவன் மேல் இஷ்டம்தான். நடுவில் அவள் அப்பா சங்கரபாண்டி நின்றார். "பாட்டுக் குழு வச்சிருக்கேங்கான். தகர டப்பா தட்டுறவனுக்கா என் பொண்ணு?" என்று குதித்தவர், மகள் சாப்பிடாமல் கிடந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மேடையேறி கிட்டார் வாசிக்கட்டும். கடைசி வரிசையில இருக்கிற எனக்குக் கேக்கணும். கேட்டா பொண்ணு அவனுக்கு. கேக்கலைன்னா வடக்கூர் மாப்பிள்ளைக்கு."

உச்சிக்குக் கிட்டார் என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாது. குழுவில் அவனோடு இருந்தவர்கள் இரண்டே பேர். தவசிக்கண்ணு பாடுவான், பரமானந்தம் டிரம் அடிப்பான். மூவரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய், சிவப்பாக ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும், அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கினார்கள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். "தம்பி, கழுத்து பத்திரம். வெயில்ல வச்சா வளைஞ்சிரும். ஈரம் ஆகாது, கம்பி துருப்பிடிச்சிரும். வாசிச்சு முடிச்சதும் துணியால துடைச்சு வைங்க. மொத்தத்துல, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கோங்க," என்றார்.

கடைசியாகச் சொன்னது மட்டும் மூவர் மனசிலும் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. திரும்பி வரும்போது உச்சி கிட்டாரை மடியில் கிடத்தி, கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தபடியே வந்தான். "இன்னும் கழுத்து நிக்கலை," என்று பக்கத்து சீட்டு அம்மாளிடம் சொன்னான். அந்த அம்மாள் எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் வைத்துக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்கள். பெட்டியோடு சேர்க்காத கிட்டார் என்ன சத்தம் போடும்? கொசு பாடின மாதிரி இருந்தது. பெட்டியையோ கொடையன்று நல்ல நேரம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்பது தவசிக்கண்ணுவின் உத்தரவு.

"என்னலே இது, பிள்ளை அழவே காணோம்?" என்றான் பரமானந்தம்.

"பிறந்த பிள்ளை அழலைன்னா ஆஸ்பத்திரியில என்ன செய்வாவ?"

"காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல தட்டுவாவ."

"இதுக்குக் கால் எங்கலே இருக்கு?"

மூவரும் கிட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கழுத்து இருந்தது. கழுத்துக்கு மேலே தலை இருந்தது. இடுப்புகூட இருந்தது. காலை மட்டும் காணோம். "பாவம், பிறவிக் குறை," என்று உச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இடுப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்கள். கம்பியெல்லாம் சேர்ந்து "ம்ம்ம்" என்று அதிர்ந்தது.

"முக்குது," என்றான் தவசிக்கண்ணு திருப்தியாக. "நாளாக நாளாக அழும்."

அதற்கப்புறம் ஒரு வளர்ப்பு வளர்த்தார்கள் பாருங்கள்! சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தார்கள். ஈரம் ஆகாது என்ற ஞாபகம் பரமானந்தத்துக்குக் கொஞ்சம் இருந்ததால், தண்ணீர் ஊற்றாமல் சாம்பிராணிப் புகையோடு நிறுத்திக்கொண்டார்கள். கண்ணேறு படாமல் இருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்க வேண்டும். கன்னம் எது என்பதில் ஒற்றுமை வராமல், ஆளுக்கு ஓர் இடத்தில் வைத்தார்கள்.

ஒரு நாள் காலையில், பச்சைப் பிள்ளைக்கு இளவெயில் நல்லது என்று மொட்டை மாடியில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று பேச்சு வளர்ந்தது. இளவெயில் மண்டையைப் பிளக்கிற வெயிலானதை யாரும் கவனிக்கவில்லை. உச்சி தூக்கப் போனபோது கிட்டாரின் கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது.

"ஐயோ, கொடைக்கு நாள் இல்லையே! வடக்கூர்க்காரன் கொண்டு போயிருவானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாவம், அவன் அழுகையில் பொய்யே இல்லை.

பரமானந்தம் குனிந்து பார்த்தான். "உரம் விழுந்திருக்குலே," என்றான். கைக்குழந்தையைக் கோணலாகத் தூக்கினால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குச் சேலையில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து உருட்டி எடுப்பது ஊர் வழக்கம். அதை உரம் எடுப்பது என்பார்கள்.

"தாயோட சேலையிலதான் போடணும்," என்றான் தவசிக்கண்ணு.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தாயாகத் தோன்றவில்லை. கடைசியில் உச்சி ஓடிப்போய்ச் சண்முகவடிவிடம் ஒரு சேலை கேட்டான். ஏன், எதற்கு என்று கேட்காமல் அவளும் எடுத்துக் கொடுத்தாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

கீழே முற்றத்தில் வைத்து உருட்டினார்கள். கிட்டார் தவசியிடமிருந்து பரமானந்தத்திடம் போனது, பரமானந்தத்திடமிருந்து தவசியிடம் வந்தது, அப்புறம் சேலையை விட்டுக் கிளம்பி அம்மிக்கல்லில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், முன்னால் வளைந்திருந்த கழுத்து இப்போது பின்னால் வளைந்திருந்தது.

"அப்பாடா, நிமிந்து பாக்குது!" என்றான் உச்சி.

கொடை வந்தது. சாயங்காலம் மேடைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. சங்கரபாண்டி சொன்னபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பெட்டியைப் பிரித்து, கடைக்காரர் காட்டிய மாதிரி வயரைச் சொருகி, அதிலிருந்த திருகுகளையெல்லாம் முடிந்தமட்டும் திருகினார்கள். உச்சி கிட்டாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெட்டியின் வாயருகே போய் நின்றான். அத்தனை கிட்டத்தில் போய் நின்றால் பெட்டி ஊளையிடும் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இவர்கள் வளர்க்கிறவர்கள்.

வீல்ல்ல் என்று ஒரு சத்தம்! கோபுரத்துப் புறாக்கள் கூட்டத்தோடு பறந்தன. குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அழுதுட்டு! எம்பிள்ளை வாய்விட்டு அழுதுட்டு!" என்று உச்சி மைக்கில் கதறினான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

கடைசி வரிசையிலிருந்து சங்கரபாண்டி விறுவிறுவென்று மேடையேறி வந்தார். "கேட்டுதுடே, நல்லாக் கேட்டுது. ஆனா பிள்ளை உள்ளவனுக்கு ரெண்டாந்தாரமா என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்!"

"மாமா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

"கல்யாணம் ஆகாமலே பிள்ளையா? இது அதைவிட மோசம்லா!"

தவசிக்கண்ணு குறுக்கே பாய்ந்தான். "அண்ணாச்சி, அவனை மட்டும் சொல்லாதீய. இது எங்க மூணு பேருக்கும் பொதுப் பிள்ளை!"

சங்கரபாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கிட்டார் விடாமல் அலறியது. அதைப் பார்த்துக்கொண்டு சண்முகவடிவால் சும்மா இருக்க முடியவில்லை. ஓடி வந்து அதை வாரி எடுத்துத் தன் தோளில் போட்டாள். எடுத்த வேகத்தில் வயர் கழன்று விழுந்தது. சத்தம் சட்டென்று நின்றது. அவள் தட்டிக்கொடுத்தாள். ஊரே மூச்சை இழுத்துவிட்டது.

சங்கரபாண்டி மகளைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை அவகிட்ட ஒட்டிக்கிட்டு. இனி பிரிச்சா பாவம்," என்றார்.

உச்சி சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தான். அவர் அவன் வாயைப் பொத்தினார். "மெதுவாடே, தூங்குது."

ஆவணியில் கல்யாணம். சண்முகவடிவு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். பிள்ளை முழித்துவிடக் கூடாது என்று மேளக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு, காற்றை விடாமல் விரலை மட்டும் ஓட்டினார். தவில்காரர் தவிலைத் தடவிக்கொடுத்தார். தாலி கட்டி முடிந்ததும், முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் நுனிக்காலில் நடந்துபோய் நாதஸ்வரக்காரரின் காதில் ரகசியமாகக் கேட்டார்:

"கடைசியா ஒண்ணு வாசிச்சீயளே, அதை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா?"