கோணாத கயிறு

மருதூரில் உலகனார் என்று ஓர் அடியார் இருந்தார். அவர் செய்த தொண்டு என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். கயிறு பிடிப்பது! அறுவடைக்கு முன் அரசரின் அதிகாரி ஊர் ஊராக வருவார். ஊரின் வயல்களை எல்லாம் ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, மருதீசர் சந்நிதியில் ஒன்றை எடுப்பார்கள். எந்த வயல் வருகிறதோ, அதற்குள் கயிற்றால் சதுரமாகக் கட்டம் கட்டி, கட்டத்துக்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, அளப்பார்கள். அதை வைத்து ஊர் முழுவதன் விளைச்சலையும் கணிப்பார்கள். விளைச்சல் பொய்த்த ஊருக்கு அரசர் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் கூலியாள்தான் நம் உலகனார்.

அவருக்கோ அது வெறும் கயிறு அல்ல. தினமும் விடியலில் அதைக் குளத்தில் நனைத்து உலர்த்தி, கோயில் வாசற்படியில் வைத்து, "ஐயனே, இது உன் கயிறு. கோணாமல் பிடிக்க வை" என்று விழுந்து வணங்குவார். உள்ளே போக அவர் குலத்தாரை ஊர் விட்டதில்லை. "கயிற்றுச்சாமி வருகிறார், வழி விடுங்கடா!" என்று இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். அவர்களையும் கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஓர் ஆண்டு மழை அடியோடு பொய்த்தது. ஊரே தொலைதூரக் கேணியிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்து வந்து மருதீசருக்கு அபிஷேகம் செய்தது. மழை வந்ததா? ஒரு தூறல் கூட இல்லை! ஆனால் அபிஷேக நீரெல்லாம் கோமுகி வழியாக ஓடி, மதிலை ஒட்டிய சாமி வயலில் பாய்ந்தது. ஊர் வயல்களெல்லாம் பதராய் நிற்க, சாமி வயல் மட்டும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அதிகாரி வந்தார். குருக்கள் குடத்தில் கை விட்டார். வந்த ஓலை எது தெரியுமா? சாமி வயல்!

ஊர்த்தலைவர் மாறனேரியார் உலகனாரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "உலகா, வரப்புக்கு அந்தப் பக்கம் என் வயல். கயிற்றை அங்கே போட்டுவிடு. எது யாருடையது என்று அதிகாரிக்கு எங்கே தெரியப்போகிறது? ஊர் பிழைத்துப் போகும்."

உலகனாரின் மனைவி செய்யாள் பிள்ளைத்தாய்ச்சி. வீட்டில் உலை ஏறிப் பல நாளாகியிருந்தது.

"என் வீட்டிலும் பட்டினிதான், ஐயா. ஆனால் இன்று உங்களுக்காக நகரும் கயிறு நாளை இன்னொருவருக்காகவும் நகருமே! அப்புறம் இதை யார் நம்புவார்கள்?" என்றார்.

சாமி வயலிலேயே கயிறு கட்டினார். நெல் குவிந்தது. "மருதூரில் பொன்னாக விளைந்திருக்கிறது, களஞ்சியம் வேண்டியதில்லை" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். உலகனார் அவர் காலில் விழுந்தார்.

"ஐயா, அளந்தது பொய்யில்லை. ஆனால் ஒரு கட்டம் ஊர் முழுவதற்கும் சாட்சியாகுமா? இதுவும் இருக்கட்டும். இன்னும் நாலு ஓலை எடுங்களேன்!"

"காய்ந்து கிடப்பது என் கண்ணுக்கும் தெரிகிறது. கண்ணால் பார்த்ததை எழுத எனக்கு அதிகாரமில்லை, அளந்ததைத்தான் எழுத வேண்டும். ஊருக்கு ஓர் ஓலை என்பது அரச கட்டளை" என்று அதிகாரி குதிரையேறிப் போய்விட்டார்.

ஊர் கொதித்தது. "எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாயே, பாவி!" என்று மண்ணை வாரி இறைத்தார்கள். அவர் குடிசைக் கூரையைப் பிய்த்துப் போட்டார்கள். உலகனார் கயிற்றைக் கோயில் வாசற்படியில் வைத்துவிட்டுக் கதறினார். "உன் ஓலை, உன் வயல், உன் கயிறு! நான் கோணவில்லை, ஐயனே. இந்தப் பிள்ளைகளின் பசிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்!"

"கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டீர், வாரும்" என்று செய்யாள் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

மறுநாள் வைகறையில் அரசரின் கனவில் ஒரு குரல் ஒலித்தது. "மருதூரில் எம் வயலை அளந்தாய். எம் அடியார் வயல்களை எப்போது அளப்பாய்?"

அரசர் துள்ளி எழுந்தார். போட்டது போட்டபடி மருதூருக்கு விரைந்தார். கோயில் நடை திறந்தது. ஆகா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! வாசற்படியில் கிடந்த கயிறு மருதீசர் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. அதன் நெடுகிலும் ஊரின் பதர்க்கதிர்கள் கோக்கப்பட்டிருந்தன. மாறனேரியார் வாய்விட்டு அழுதார். அரசருடன் வந்த அதிகாரி கைகூப்பி நின்றார்.

"உலகனாரே, உள்ளே வாரும்" என்று, நடந்ததையெல்லாம் கேட்டறிந்த அரசரே வாசலுக்கு வந்து அழைத்தார். குருக்கள் கயிற்றை எடுத்துப் பிரசாதமாக அவர் கையில் கொடுத்தார்.

"இனி ஊருக்கு ஓர் ஓலை போதாது, ஒவ்வொரு மடை பாயும் வயல்களுக்கும் தனித்தனியாக ஓலை எடுங்கள். விளைந்ததும் காய்ந்ததும் ஒன்றாகக் கணக்கில் ஏறட்டும்!" என்று அரசர் ஆணையிட்டார்.

அன்றே வயல் வயலாகக் கயிறு விழுந்தது. மறுமுனையைப் பிடிக்க, கேலி பேசிய இளவட்டங்களே முண்டியடித்தார்கள். சாமி வயலின் நெல்லும் கணக்கில் சேர்ந்தது, ஊரின் பதரும் சேர்ந்தது. உள்ளது உள்ளபடி தெரிந்தது. களஞ்சியம் திறந்தது! மருதூரின் ஒவ்வொரு வீட்டிலும் உலை கொதித்தது. செய்யாள் வடித்த சோற்றில் முதல் பிடியைக் கயிற்றின் முன் வைத்து வணங்கினாள்.

தம் வீடு பசித்தபோதும் கோணாத அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.