முதல் பரிசு பெற்ற காலிப் பெட்டி

பரிசு வாங்கிய ஒரு புகைப்படத்தால் ஒரு ரயில் நின்றுபோன கதை இது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது என்னைத் திட்டக்கூடாது. விடைக்கு வேண்டியதையெல்லாம் உங்கள் கண்ணெதிரேதான் வைக்கப்போகிறேன்.

எங்கள் தேரிவிளையிலிருந்து டவுனுக்குக் காலையில் ஒரு பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி மகள் அமுதவல்லியை அதில்தான் பள்ளிக்கூடம் கூட்டிப்போவாள். பிள்ளைக்கு இரண்டு காலும் சரியில்லை. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் அம்மா, அப்படித்தான் நடப்பாள். பஸ் படி அவள் இடுப்புயரம் இருக்கும்; ஏறி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. அவள் ஏறி உட்காரும்வரை கார்டு பச்சைக்கொடி காட்ட மாட்டார். ரயில் இருந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் வீடு என்பதுதான் அந்தப் பிள்ளையின் நிலைமை.

அந்த ரயிலைத்தான் ஆளே ஏறுவதில்லை என்று சொல்லி நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. பயணிகள் சங்கச் செயலாளர் பொன்னுதுரை ரயில்வே அதிகாரியைப் போய்ப் பார்த்தார். பொன்னுதுரை டவுனில் கோர்ட் குமாஸ்தா. சிவப்புக் கரைத் துண்டைத் தோளில் போடாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

“கூட்டம் நெரியுது சார். ஒருநாள் நீங்களே வந்து ஏறிப் பாருங்க.”

“வர நேரமில்லை. படம் இருந்தா காட்டுங்க” என்றார் அதிகாரி.

படம்தானே, ஊரையே எடுக்கச் சொல்லிவிடலாம் என்று சங்கத்தார் ‘எங்கள் ரயில்’ என்று ஒரு புகைப்படப் போட்டி அறிவித்தார்கள். பரிசளிப்புக்கு அந்த அதிகாரியே சிறப்பு விருந்தினர். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இருக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஜெபராஜ் கேமராவோடு ரயில் ஏறினான். வழியில் ஒரு ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஆண்கள் இடம் போய்விடாமல் இருக்கத் துண்டையோ பையையோ இருக்கையில் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். அன்றைக்கும் பொன்னுதுரை உட்பட அத்தனை பேரும் அப்படியே இறங்கினார்கள். பெட்டிக்குள் காலை வெயில் சாய்ந்து விழுந்ததைப் பார்த்த ஜெபராஜுக்குக் கை பரபரத்தது. உள்ளே இருந்த பெண்களையும் இறங்கச் சொன்னான். கடைசியில் ஜெயக்கொடியும் மகளும்தான் மிச்சம்.

“யக்கா, ஒரு நிமிசம் இறங்கி நில்லுங்களேன்.”

“பிள்ளைக்கு முடியாதுல்லா தம்பி.”

“நம்ம ரயிலுக்காகத்தானக்கா கேக்கேன்.”

ரயிலுக்காக என்றதும் ஜெயக்கொடி எழுந்துவிட்டாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஊன்றுகோல் ஜன்னலோரமாகச் சாய்ந்து கிடந்தது.

வெளியூரிலிருந்து வந்த நடுவர் அந்தப் படத்துக்கே முதல் பரிசு கொடுத்தார். கூட்டம் பிதுங்கி நின்ற படங்களெல்லாம் அவருக்குச் சந்தைக்கடையாகத் தெரிந்தன. அந்த ஊன்றுகோல் மனிதனின் தனிமையைச் சொல்கிறது என்று மேடையில் நெடுநேரம் விளக்கினார். பின்வரிசையில் இருந்த அமுதவல்லி, “எம்மா, அது ஏங் கம்பு!” என்று கத்தினாள். சபை சிரித்தது, ஜெயக்கொடியும் பெருமையாகச் சிரித்தாள்.

அதிகாரி படத்தின் முன் வந்து நின்றார். பக்கத்தில் பொன்னுதுரை கைகட்டி நின்றார்.

“என்னங்க, இதுல ஆளே இல்லையே?”

பொன்னுதுரை படத்தைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார்.

“அது... கலைங்க சார்” என்றார்.

அதிகாரி தலையை ஆட்டினார். சங்கத்தின் நினைவுப் பரிசாக அந்தப் படத்தையே சட்டம் போட்டு அவர் கையில் கொடுத்தோம்.

அடுத்த மாதம் ரயில் நின்றது. மனுவோடு ஓடியவர்களிடம், “உங்க சங்கமே குடுத்த படம்தானே?” என்று அதே படத்தை எடுத்துக் காட்டினார்கள். பொன்னுதுரை ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டார். ஜெயக்கொடி மகளோடு சில நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஒருநாள் படியிலிருந்து விழுந்து பிள்ளைக்கு முன்பல் உடைந்தது. அதோடு படிப்பு நின்றது.

ஆட்களை இறக்கிய ஜெபராஜ், பரிசு கொடுத்த நடுவர், பதில் சொன்ன பொன்னுதுரை, படத்தை நம்பிய அதிகாரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ஜெயக்கொடி. இவர்களில் அந்த ரயிலை நிறுத்தியது யார்?

*

விடை: ஜெபராஜ் ஆட்களைத்தான் இறக்கினான், துண்டுகளை எடுக்கவில்லை. படத்தில் இருக்கைக்கு இருக்கை துண்டும் பையும் கிடக்கின்றன. அது நிறைந்த பெட்டி என்று எங்கள் ரயிலில் ஏறிய எவருக்கும் தெரியும். நடுவர் ஏறியதில்லை. அதிகாரியும் ஏறியதில்லை, ஆனாலும் அவர் வாய்விட்டுக் கேட்டார். கேட்டது பொன்னுதுரையிடம். படத்தின் நடுவில் கிடக்கும் சிவப்புக் கரைத் துண்டு அவருடையது. “இது என் இடம் சார், டீ குடிக்க இறங்கியிருந்தேன்” என்று சொல்லியிருந்தால் போதும். கலை தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசினார். ஆகவே பொன்னுதுரைதான் என்பது என் விடை. இதை ஜெயக்கொடியிடமும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “நாந்தான் அண்ணாச்சி. நம்ம ரயிலுக்காகன்னு சொன்னான், பிள்ளையத் தூக்கி இறக்கிட்டேனே” என்கிறாள். எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் அவள் விடையை என்னால் மாற்ற முடியவில்லை.